சைபர் பாதுகாப்பில் ஆர்கிடெக்ட் வேலை: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோணம் பொறியியல் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் படிப்பவர்கள், கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் நெட்வொர்க் அல்லது சப்போர்ட் வேலையில் சில வருஷம் ஓட்டியவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. படித்துவிட்டு நாளைக்கே செய்து பார்க்கக்கூடிய விஷயங்களுக்கு இடம் அதிகம் கொடுத்திருக்கிறோம்.

செக்யூரிட்டி ஆர்கிடெக்ட் என்பவர் என்ன வேலை செய்கிறார்?

ஒரு சிஸ்டம் கட்டப்படும் முன்பே அதன் பாதுகாப்பைத் தீர்மானிப்பவர் அவர். எந்தப் பகுதி எதனோடு பேசலாம், யார் எந்த அடையாளத்தைக் காட்டி உள்ளே வரலாம், எந்தத் தகவலை எங்கே என்கிரிப்ட் செய்து பூட்ட வேண்டும், அதன் சாவி யார் கையில் இருக்கும், எதெல்லாம் லாக்கில், அதாவது நடந்ததைக் குறிக்கும் பதிவேட்டில், பதிவாக வேண்டும், ஒரு பகுதி விழுந்தால் மற்றவை எப்படி நிற்கும் என்பதெல்லாம் அவர் முடிவு செய்ய வேண்டியவை. முடிவு செய்ததை, மற்றவர்கள் பார்த்துக் கட்டும் அளவுக்குத் தெளிவாக எழுதியும் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்டுள்ள நைஸ் என்ற பணி வகைப்பாடு, இந்த வேலையை ‘பாதுகாப்பும் தற்காப்பும்’ என்ற பிரிவில் வைக்கவில்லை. ‘வடிவமைப்பும் உருவாக்கமும்’ என்ற பிரிவில் வைத்திருக்கிறது. அது சரியான இடம். தாக்குதல் வந்தபின் ஓடிப்போய் அணைப்பவர் வேறு ஆள். வந்தாலும் ஓர் அறையோடு நிற்கும்படி முன்கூட்டியே சுவர் எழுப்பி வைத்தவர்தான் ஆர்கிடெக்ட்.

இன்ஜினியர், அனலிஸ்ட், ஆடிட்டர், சிசோ என்று இத்தனை பேர் இருக்கும்போது ஆர்கிடெக்ட் எதற்கு?

நாகர்கோவிலில் இயங்கும் ஒரு கூட்டுறவு நகர வங்கி மொபைல் செயலி கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலிக்கும் கோர் பேங்கிங் சர்வருக்கும் நடுவில் கோரிக்கைகளை வாங்கிச் சரிபார்த்து அனுப்பும் ஒரு இடைநிலை ஏபிஐ அடுக்கு வேண்டும், செயலி நேரடியாக டேட்டாபேஸைத் தொடக்கூடாது என்று தீர்மானிப்பவர் ஆர்கிடெக்ட். அந்த முடிவின்படி நெட்வொர்க்கின் காவல் வாசலான ஃபயர்வாலில் விதி எழுதி, டிஜிட்டல் சான்றிதழ் போட்டு, ஓட வைப்பவர் இன்ஜினியர். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே கணக்கில் நாற்பது முறை தவறான பின் விழுந்தால் அலர்ட்டைப் பார்ப்பவர் அனலிஸ்ட். சொன்னபடி செய்திருக்கிறார்களா என்று சரிபார்ப்பவர் ஆடிட்டர். பணம் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு ஏற்கலாம் என்று நிர்வாகக் குழுவிடம் பேசுபவர் சிசோ, அதாவது தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரி.

சிறிய நிறுவனத்தில் இவ்வளவையும் ஒரே ஆள் செய்வார். அதில் தவறில்லை. ஆனால் தான் எழுதிய விதியைத் தானே தணிக்கை செய்வது மட்டும் கூடாது. அதற்கு வெளியாள் வேண்டும்.

ஆர்கிடெக்ட்களிலும் வகை உண்டா?

உண்டு. கிளவுட், செயலிப் பாதுகாப்பு, அடையாள மேலாண்மை, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள், இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நிறுவன அளவிலான ஆர்கிடெக்ட். டெவலப்பராக இருந்தவருக்குச் செயலிப் பாதுகாப்பும், சர்வர் நிர்வாகத்தில் இருந்தவருக்கு அடையாளமும் கிளவுடும், எலெக்ட்ரிக்கல் அல்லது இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவருக்குத் தொழிற்சாலைப் பக்கமும் இயல்பாக வரும்.

ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா? நம் ஊர் அளவில்?

100 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். இந்த அளவு மருத்துவமனைகளில் வழக்கமாகக் காணும் நிலை இதுதான்: ரிசப்ஷன் கம்ப்யூட்டர், பில்லிங், லேப் அனலைசர், சி.டி. ஸ்கேன், சிசிடிவி, நோயாளிகளுக்கான வைஃபை எல்லாமே ஒரே நெட்வொர்க்கில் இருக்கும். மென்பொருள் விற்றவர் தூரத்திலிருந்து உள்ளே வருவதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட் (எண்ணிட்ட நுழைவாயில்) இணையத்துக்குத் திறந்து கிடக்கும். பேக்கப் எடுக்கும் ஹார்டு டிஸ்க், அதே சர்வரில் எப்போதும் சொருகியபடியே இருக்கும். ரேன்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மால்வேர், வந்தால் சர்வரோடு சேர்த்து அந்த டிஸ்க்கையும் பூட்டிவிடும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது, 445 போர்ட் வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தானாகவே தாவியது. தடுப்பே இல்லாத ஒற்றை நெட்வொர்க்கில் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் அன்று பார்த்தன.

ஆர்கிடெக்ட் இங்கே முதலில் செய்வது, என்னென்ன இருக்கிறது என்று நடந்துபோய் எண்ணுவது. கம்ப்யூட்டர் பட்டியல் மட்டும் போதாது. எக்ஸ்ரே அறையில் மேசைக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்சும் கணக்கில் வர வேண்டும். அடுத்து நெட்வொர்க்கை விலேன்களாக, அதாவது தனித்தனி உள்நெட்வொர்க்குகளாக, பிரிப்பது: பில்லிங்கும் ரிசப்ஷனும் ஒன்று, லேப் ஒன்று, ஸ்கேன் இயந்திரங்கள் ஒன்று, சர்வர்கள் ஒன்று, கேமரா ஒன்று, நோயாளி வைஃபை ஒன்று. கேமராவுக்கு இணையம் தேவையில்லை. நோயாளி வைஃபைக்கு இணையம் தவிர வேறெதுவும் தேவையில்லை. ஸ்கேன் இயந்திரம் படங்களைச் சேமிக்கும் பேக்ஸ் சர்வரோடு மட்டும், மருத்துவப் படங்களுக்கான டைகாம் போர்ட்டில் மட்டும் பேசும். இது பெரும்பாலும் 104 அல்லது 11112 ஆக இருக்கும். மற்றது எல்லாம் அடைப்பு. ஃபயர்வாலில் திறக்கும் ஒவ்வொரு விதிக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும் ஒரு காலாவதித் தேதியும் எழுதியிருக்க வேண்டும்.

மென்பொருள் விற்பனையாளருக்கு 3389 கிடையாது. விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட தனிவழி, அதில் இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு; கோரிக்கை வந்தபின் நான்கு மணி நேரத்துக்கு மட்டும் கணக்கு திறந்து தானாக மூடிக்கொள்ளும். பேக்கப்பில் 3-2-1 கணக்கு: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். அதில் ஒரு பிரதியாவது நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வைத்ததாக, அல்லது குறிப்பிட்ட நாள்வரை யாராலும் அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை உண்மையிலேயே மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

எத்தனை மணி நேரத்துத் தகவல் போனால் தாங்கும், எத்தனை மணி நேரத்தில் சிஸ்டம் எழ வேண்டும் என்ற இரண்டு எண்களையும் மருத்துவமனை நிர்வாகம்தான் சொல்ல வேண்டும். ஆர்கிடெக்ட் தானே ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டால், பிறகு செலவு வரும்போது நிர்வாகம் கைவிடும்.

இப்படிப் பிரிக்கும்போது என்ன தப்பாகப் போகும்?

முதல் நாளே பிரிண்டர் நின்றுபோகும். பிரிண்டர் வேறு விலேனில் இருக்கும், பிரிண்டருக்கான 9100 போர்ட் அடைத்திருக்கும், கவுண்டரில் வரிசை நீளும். உடனே யாராவது ‘எல்லாவற்றையும் அனுமதி’ என்று ஒரு விதியைத் தற்காலிகமாகப் போடுவார். அந்தத் தற்காலிக விதி வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பிரித்ததற்கே பலன் இல்லாமல் போகும்.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. அடைப்பு விதியை உடனே அமல்படுத்தாமல், முதலில் அனுமதித்தபடியே லாக் மட்டும் எடுங்கள். குறைந்தது இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு மாதக் கடைசி வர வேண்டும். சில வேலைகள் அப்போதுதான் நடக்கும்: சம்பளக் கணக்கு, மருந்துக் கொள்முதல் கோப்பு, முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் நிலுவைக் கோப்புகளை ஏற்றுவது. மாத நடுவில் மட்டும் கவனித்து அடைத்தால் முப்பதாம் தேதி போன் வரும். கவனித்து முடித்தபின் ஒரே நாளில் எல்லா விலேனையும் மூடாதீர்கள். கேமராவில் தொடங்கி, ஸ்கேன், லேப், கடைசியாக பில்லிங் என்று வரிசையாக வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பழைய நிலைக்குத் திரும்பும் வழியை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆர்கிடெக்ட் கையிலிருந்து வெளிவரும் ஆவணங்கள் எவை?

தகவல் ஓட்ட வரைபடம், அச்சுறுத்தல் பகுப்பாய்வு, மறுபடி மறுபடி பயன்படுத்தக்கூடிய மாதிரி வடிவமைப்புகள், விதிவிலக்குப் பதிவேடு, முடிவுப் பதிவு. இவற்றில் கடைசியைப் பலர் எழுதுவதே இல்லை. எங்கள் பார்வையில் அதுதான் இந்த வேலையின் உயிர். ஒரு பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. மேலே சொன்ன மருத்துவமனைக்கு அது இப்படி இருக்கும்:

முடிவு எண் 14. சி.டி. ஸ்கேன் இயந்திரம் தனி விலேனில் வைக்கப்படும்.
காரணம்: இயந்திரத்தில் உள்ள விண்டோஸ் பதிப்புக்கு இனி பேட்ச் (ஓட்டையடைக்கும் திருத்தம்) வராது, மாற்ற உற்பத்தியாளர் அனுமதிப்பதில்லை.
பரிசீலித்துக் கைவிட்ட வழி: ஆன்டிவைரஸ் நிறுவுதல். நிறுவினால் உத்தரவாதம் போய்விடும்.
மிஞ்சும் ஆபத்து: பேக்ஸ் சர்வர் பிடிபட்டால் அங்கிருந்து இயந்திரத்தை எட்ட முடியும்.
ஆபத்தை ஏற்றவர்: மருத்துவமனை நிர்வாக அதிகாரி, கையொப்பத்துடன்.
மறுபரிசீலனை: இயந்திரம் மாறும்போது அல்லது 12 மாதத்தில், எது முந்துகிறதோ அப்போது.

‘பரிசீலித்துக் கைவிட்ட வழி’, ‘ஆபத்தை ஏற்றவர்’ என்ற இரண்டு வரிகளும் இல்லாவிட்டால் அது வெறும் குறிப்பு. இரண்டு வருஷம் கழித்துப் புதிதாக வருபவர் ‘ஏன் இப்படி வைத்தார்கள்’ என்று கேட்பார். பதில் அந்த வரிகளில்தான் இருக்கும். ஆபத்தை ஏற்கும் அதிகாரம் ஆர்கிடெக்ட்டுக்குக் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். எடுத்துச் சொல்வது அவர் கடமை, ஏற்பது தொழிலை நடத்துபவரின் கடமை.

அச்சுறுத்தல் பகுப்பாய்வு எப்படிச் செய்வது?

வரைபடத்தை மேசையில் வைத்து, தகவல் ஒரு எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் ஆறு கேள்வி கேட்க வேண்டும். வேறொருவர்போல் நடிக்க முடியுமா? தகவலைத் திருத்த முடியுமா? செய்துவிட்டு நான் செய்யவில்லை என்று மறுக்க முடியுமா? தகவல் கசியுமா? சேவையை முடக்க முடியுமா? இல்லாத அதிகாரத்தைப் பெற முடியுமா? மைக்ரோசாஃப்டில் 1999-இல் உருவான ஸ்ட்ரைட் முறை இதுதான்.

அதே மருத்துவமனை, நோயாளி போன் எண் போட்டு ஓடிபி பெற்று லேப் ரிப்போர்ட் பார்க்கும் பக்கம் ஒன்றைத் திறக்கிறது. ஓடிபி நான்கு இலக்கம் என்றால் மொத்தம் 10,000 சாத்தியம். தடையில்லாமல் வினாடிக்குப் பத்து முயற்சி செய்தால் 1,000 வினாடியில், அதாவது 17 நிமிடத்துக்குள் எல்லா எண்ணையும் போட்டுப் பார்த்துவிடலாம். எனவே ஆறு இலக்கம், ஐந்து தவறுக்கு மேல் பூட்டு, சில நிமிடத்தில் காலாவதி. அடுத்தது, ரிப்போர்ட்டின் இணைப்பில் 1045 என்ற எண் இருக்கிறது; அதை 1046 ஆக்கினால் அடுத்தவரின் ரத்தப் பரிசோதனை முடிவு திறக்கிறதா? மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஓட்டை இது. எண்ணை ஊகிக்க முடியாததாக மாற்றினால் மட்டும் போதாது. கேட்பவருக்கு அந்த ரிப்போர்ட்டைப் பார்க்க உரிமை உண்டா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

இரண்டு மணி நேரக் கூட்டம், மூன்று பேர் போதும்: கட்டியவர், இயக்குபவர், கேள்வி கேட்பவர். கட்டியவர் இல்லாமல் நடத்தினால் வரைபடம் ஒன்றாகவும் உண்மை வேறாகவும் இருக்கும்.

ஜீரோ டிரஸ்ட் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

நிஸ்ட் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட 800-207 என்ற ஆவணத்தைப் படியுங்கள், இலவசம். உள்ளே இருக்கிறது என்பதற்காகவே ஒரு கருவியை நம்பாதே, ஒவ்வொரு அணுகலையும் சரிபார் என்பதுதான் சாரம். அது ஒரு வடிவமைப்பு முறை. பெட்டியில் போட்டு விற்கும் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளிலும் இந்த வேலை உண்டா?

உண்டு, ஆனால் முன்னுரிமை தலைகீழ். அலுவலகத்தில் ரகசியம் முதலில். இங்கே மனிதப் பாதுகாப்பும் இடைவிடாத இயக்கமும் முதலில். ஒவ்வொரு காற்றாலைக்கும் ஒரு கன்ட்ரோலர், அங்கிருந்து ஃபைபர் வழியாகத் துணைமின் நிலையம், அங்கே எல்லாவற்றையும் கண்காணித்து இயக்கும் ஸ்காடா, அதன்மேல் உற்பத்தியாளரின் தொலைதூர இணைப்பு. தொழிற்சாலை அமைப்புகளின் சைபர் பாதுகாப்புக்கான ஐஇசி 62443 தரம் சொல்வது, சாதனங்களை மண்டலங்களாகப் பிரி, மண்டலங்களுக்கு நடுவே போகும் ஒவ்வொரு பாதையையும் தனியாகக் கட்டுப்படுத்து என்பது.

அலுவலக நெட்வொர்க்கில் செய்வதுபோல இங்கே நெட்வொர்க்கைத் துழாவும் ஸ்கேனரை ஓட விடாதீர்கள். பழைய கன்ட்ரோலர்கள் எதிர்பாராத பாக்கெட் வந்தாலே உறைந்து நிற்கும். ஸ்விட்சில் தகவல் போக்குவரத்தின் பிரதியைத் தரும் ‘மிரர்’ போர்ட்டில் இருந்து அதைக் கேட்டுத்தான் என்ன இருக்கிறது என்று பட்டியலிட வேண்டும். பேட்ச் போடும் காலமும் காற்றைப் பொறுத்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக் காற்று பலமாக அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை யாரும் காற்றாலையை நிறுத்த விடமாட்டார்கள். ஆகவே பராமரிப்புத் திட்டத்தைக் காற்று தணிந்த மாதங்களுக்கு எழுதுங்கள்.

நமக்கு அருகிலேயே, திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளத்தில், 2019-இல் மால்வேர் கண்டறியப்பட்டதை இந்திய அணுமின் கழகம் உறுதிப்படுத்தியது. நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் அது. அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் பாதிப்பில்லை என்றும் கழகம் தெரிவித்தது. மண்டலங்களைப் பிரிப்பதற்கு ஏன் இவ்வளவு செலவு என்று நிர்வாகம் கேட்டால், காட்டுவதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டியதில்லை.

புயல், மின்வெட்டு எல்லாம் ஆர்கிடெக்ட் பார்க்க வேண்டியதா?

நிச்சயமாக. தகவல் கிடைக்காமல் போவதும் பாதுகாப்புத் தோல்விதான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபின் மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதை வைத்தே உங்கள் வடிவமைப்பைச் சோதியுங்கள்.

இரண்டு நிறுவனத்திடம் இணைய இணைப்பு வாங்கியிருப்பீர்கள். இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் தொங்கினால் ஒரே மரம் இரண்டையும் அறுக்கும். பாதையை நேரில் போய்ப் பாருங்கள். செல்போன் கோபுரம் செத்தால் எஸ்எம்எஸ் ஓடிபி வராது, அட்மினே உள்ளே நுழைய முடியாது. அதனால் நெட்வொர்க் இல்லாமலே எண் தரும் ஆதென்டிகேட்டர் செயலியோ யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியோ கட்டாயம். அவசர அட்மின் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டை உறையில் போட்டு முத்திரையிட்டு லாக்கரில் வைத்து, வருஷத்துக்கு இரண்டு முறை திறந்து சோதித்து, மாற்றி, மறுபடி மூடுங்கள். நாகர்கோவில் பேக்கப்பை மார்த்தாண்டத்தில் வைத்தால் இரண்டும் ஒரே புயலுக்குள். மும்பை, ஹைதராபாத், புனே என்று தொலைவில் உள்ள கிளவுட் மையத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எந்தச் சட்டங்கள் தெரிந்திருக்க வேண்டும்?

சட்ட வாசகம் மனப்பாடம் ஆக வேண்டாம். அது வடிவமைப்பை எப்படி மாற்றுகிறது என்று தெரிய வேண்டும். மத்திய அரசின் சைபர் அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிஸ்டங்களின் கடிகாரங்கள் ஒத்திசைந்திருக்க வேண்டும். கடிகாரம் மூன்று நிமிடம் முன்பின் ஓடினால், எந்தக் கணக்கு முதலில் பிடிபட்டது என்ற வரிசையே குழம்பிவிடும்.

180 நாள் என்பதைச் சேமிப்பாக மாற்றிப் பாருங்கள். வினாடிக்கு 500 பதிவு, பதிவுக்கு 300 பைட் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 13 ஜிபி, 180 நாளுக்கு 2.3 டிபி. சுருக்கினால் பல மடங்கு குறையும். ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் 500 ஜிபி டிஸ்க் வாங்கியவர்களிடம், தேவைப்படும் நாளில் பழைய லாக் இருக்காது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. வங்கிப் பக்கம் போகிறவர்கள், கூட்டுறவு நகர வங்கிகளை நான்கு நிலைகளாகப் பிரித்து ரிசர்வ் வங்கி 2019 டிசம்பர் 31 அன்று வெளியிட்ட சைபர் பாதுகாப்புச் சட்டகத்தைப் படிக்க வேண்டும். எந்த நிலை வங்கி என்று தெரியாமல் வடிவமைத்தால் ஒன்று குறையும், அல்லது வீண் செலவாகும்.

பி.இ. முடித்ததும் நேராக ஆர்கிடெக்ட் ஆகலாமா?

ஆக முடியாது, ஆகவும் கூடாது. ஃபயர்வால் விதியைத் தவறாகப் போட்டு அதன் விளைவைப் பார்க்காதவர் எழுதும் வடிவமைப்பு தாளில்தான் நிற்கும். பொதுவாக ஏழிலிருந்து பத்து வருஷம் ஆகும். முதல் மூன்று வருஷம் நெட்வொர்க், சர்வர் நிர்வாகம், டெவலப்மென்ட், சாக் (தாக்குதல் அலர்ட்டுகளைக் கண்காணிக்கும் மையம்) இவற்றில் ஒன்று. பிறகு செக்யூரிட்டி இன்ஜினியராக மூன்று நான்கு வருஷம். அதன்பின் ஒரு புராஜெக்ட் அளவில் வடிவமைப்பு, பிறகு நிறுவன அளவில்.

முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தில் சிறு வித்தியாசத்தைப் பார்க்காமல், எதைத் தொட விடுகிறார்கள் என்று பாருங்கள். ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸ் பயனர் கணக்குகளை நிர்வகிப்பது), ஃபயர்வால், ஏதாவது ஒரு கிளவுட், இந்த மூன்றில் இரண்டைக் கையால் இயக்க விடும் இடம் நல்ல இடம். சாக் முதல் நிலையில் அலர்ட் மூடும் வேலை கற்றுத்தரும், ஆனால் ஒன்றரை இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கினால் வளர்ச்சி நின்றுவிடும்.

எந்தச் சான்றிதழ்?

தொடக்கத்தில் காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் அடித்தளம் தரும். கிளவுடில் இருந்தால் மைக்ரோசாஃப்டின் எஸ்சி-100 நேரடியாக ஆர்கிடெக்ட்டுக்கானது. அந்தச் சான்றிதழ் கைக்கு வர ஏஇசட்-500, எஸ்சி-200, எஸ்சி-300 போன்ற இடைநிலைத் தேர்வு ஒன்றையும் முடித்திருக்க வேண்டும். அனுபவமுள்ளவர்களுக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு அதன் பாடத்திட்டத்தின் எட்டு துறைகளில் குறைந்தது இரண்டில் ஐந்து வருஷ அனுபவம் தேவை, பட்டம் இருந்தால் ஒரு வருஷம் கழியும். 3 மணி நேரத்தில் 100 முதல் 150 கேள்வி, தேர்ச்சி 1000-க்கு 700. அனுபவம் இல்லாமலும் எழுதலாம். தேறினால் அசோசியேட் ஆகி, அனுபவத்தைச் சேர்க்க ஆறு வருஷ அவகாசம் கிடைக்கும்.

‘ஆறே மாதத்தில் ஆர்கிடெக்ட், வேலை உறுதி’ என்று பெரிய தொகை கேட்கும் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு நல்ல கம்ப்யூட்டரும் ஒரு தேர்வுக் கட்டணமும் வந்துவிடும்.

வீட்டிலேயே எப்படிப் பழகுவது?

16 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர், அதற்குள்ளேயே பல கம்ப்யூட்டர்களை ஓட்ட விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது பிராக்ஸ்மாக்ஸ். ஃபயர்வாலாக ஓபிஎன்சென்ஸ், அதன் பின்னால் மூன்று தனி நெட்வொர்க். ஒன்றில் விண்டோஸ் சர்வர், 180 நாள் சோதனைப் பதிப்பு இலவசம். அதில் ஆக்டிவ் டைரக்டரி. இரண்டாவதில் ஒரு லினக்ஸ் வெப் சர்வர். மூன்றாவதில் லாக் சேகரிக்க வாஸூ. வாஸூ மட்டுமே 8 ஜிபி கேட்கும், அதனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் 16 ஜிபி திணறும். 32 ஆக்க முடிந்தால் நல்லது.

கட்டியதோடு நிறுத்தாதீர்கள். மேலே உள்ள மாதிரியில் பத்து முடிவுப் பதிவு எழுதுங்கள், ஒரு வரைபடம் போடுங்கள். பிறகு நீங்களே அந்த வெப் சர்வரைப் பிடித்ததாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஆக்டிவ் டைரக்டரியை எட்ட முடிகிறதா என்று முயலுங்கள். நேர்காணலில் சான்றிதழைவிட இந்தக் கோப்புறைக்கு மதிப்பு அதிகம்.

கோடிங் தெரிய வேண்டுமா? மொழி?

படித்துப் புரியவும், பைதானில் சிறு ஸ்கிரிப்ட் எழுதவும், கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதும் டெர்ராஃபார்ம் கோப்பைச் சரிபார்க்கவும் தெரிந்தால் போதும். ஆங்கிலத்தில் தெளிவாக எழுதத் தெரிவது அதைவிட முக்கியம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்காரர்களுக்கு மலையாளம் சரளம். திருவனந்தபுரத்தில் வாடிக்கையாளர் கூட்டங்களில் அது உண்மையான பலம்.

அனுபவமுள்ள ஆர்கிடெக்ட்களே சறுக்கும் இடங்கள் எவை?

மறந்துபோன கணக்குகள் முதலாவது. 2021-இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் தாக்கியவர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத பழைய விபிஎன் கணக்கு வழியாக. அதில் இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு இல்லை. வெளி ஒப்பந்ததாரர் இரண்டாவது. 2013-இல் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டு விவரம் போனது, குளிர்சாதனப் பணி செய்த ஒப்பந்த நிறுவனத்தின் பாஸ்வேர்டில் தொடங்கி. அளவுக்கு மீறிய அதிகாரம் மூன்றாவது. 2019-இல் கேபிடல் ஒன் வங்கியில் ஒரு வெப் ஃபயர்வாலுக்குக் கொடுத்திருந்த கிளவுட் உரிமை, வாடிக்கையாளர் கோப்புகளைப் படிக்கும் அளவுக்கு விரிந்து கிடந்தது.

மூன்றிலும் விலை உயர்ந்த கருவி இல்லாதது காரணமில்லை. யாருக்கு எது தேவை என்ற பட்டியலை யாரும் திரும்பப் பார்க்கவில்லை. அதனால்தான் விதிவிலக்குப் பதிவேட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து, காலாவதியானதை மூட வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறோம். அலுப்பான வேலைதான், ஆனாலும் அதை ஜூனியர் ஒருவரிடம் தள்ளிவிடாதீர்கள்.

பெயரளவு ஆர்கிடெக்ட் வேலையை எப்படி அடையாளம் காண்பது?

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள். புதிய சிஸ்டம் லைவ் போகும் முன் ஆர்கிடெக்ட் ஒப்புதல் கட்டாயமா? மறுத்தால் யார் முடிவெடுப்பார்? கடைசியாக எழுதிய வடிவமைப்பு ஆவணம் எப்போது? விதிவிலக்குகளை யார் கையொப்பமிடுகிறார்கள்? இவற்றுக்குத் தடுமாறினால், அது டெண்டருக்கு ஆவணம் தயாரிக்கும் வேலை, அல்லது கருவி விற்கும் வேலை.

வளைகுடாவில் வாய்ப்பு உண்டா?

எண்ணெய், மின்சாரம், குடிநீர் நிறுவனங்களில் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் சைபர் பாதுகாப்பு தெரிந்தவர்களுக்குத் தேவை உண்டு. சவூதிக்குப் போகிறவர்கள் அந்நாட்டு தேசிய சைபர் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் வெளியிட்டு 2024-இல் புதுப்பித்த அடிப்படைக் கட்டுப்பாடுகளையும், கூடவே ஐஇசி 62443-ஐயும் படித்துவிட்டுப் போக வேண்டும்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். ‘ஐடி வேலை’ என்று கம்போடியா, மியான்மருக்கு அழைத்துப்போய் ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்தது பற்றி வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசா மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால், வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து தடுத்து நிறுத்துங்கள்.

பழகுவதற்காக உள்ளூர் வங்கி, பள்ளி இணையதளங்களை ஸ்கேன் செய்து பார்க்கலாமா?

கூடாது. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அடுத்தவரின் சிஸ்டத்தில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும். மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘ஓட்டையைச் சொல்லி உதவலாம் என்றுதான்’ என்ற பதில் உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. வழக்கு ஒன்று பதிவானால் பாஸ்போர்ட்டும் பின்னணிச் சோதனையும் சிக்கலாகும், இந்தத் துறையில் அது பெரிய அடி. வீட்டு ஆய்வகம் இருக்கிறது, வேண்டுமென்றே ஓட்டையோடு தயாரித்த ஓவாஸ்ப் ஜூஸ் ஷாப் போன்ற பயிற்சிச் செயலிகள் இருக்கின்றன. தற்செயலாக ஒரு தளத்தில் ஓட்டை கண்ணில் பட்டால் மேலும் தோண்டாமல், எதையும் பதிவிறக்காமல், செர்ட்-இன் அமைப்புக்கு மின்னஞ்சலில் தெரிவியுங்கள். உங்களுக்கோ தெரிந்தவருக்கோ பணம் பறிபோனால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.